தலைக்கணக்கு

பஸ்ஸில் ஏறிவிட்டால் அம்மா இல்லை,
மிஸஸ் ஓஸ்லுண்ட்.
அதுதான் சட்டம்.
எனக்கும் ராய்ஸுக்கும்
காலை ஏழு பத்திலிருந்து எட்டு நாற்பது வரை
தாயில்லை. மாலையில் மறுபடியும் இல்லை.

சஸ்காச்சுவான், பதினான்காம் தடம்,
முப்பத்தோரு வருடம்.
கோதுமை அறுத்த தாள்மேல் பனி,
பனிமேல் நரியின் காலடி,
அதற்கப்பால் நேராக ஓடும் சரளைச் சாலை.
மைனஸ் நாற்பதில்
எஞ்சினை உறையவிடாமல் இரவெல்லாம்
மின்கம்பி செருகி வைத்திருப்பாள்.
இரண்டு மணிக்கு எழுந்துபோய்
கம்பி கழன்றதா என்று தொட்டுப் பார்ப்பாள்.
எங்களுக்குக் காய்ச்சல் என்றாலும்
அதே நேரம், அதே கை.
நெற்றியில் டீசல் மணக்கும்.

நான்காம் வகுப்பு, பிப்ரவரி.
ஒற்றைக் கையுறையைத் தேடி
இரண்டு நிமிடம் பிந்தினேன்.
பஸ் புறப்பட்டுவிட்டது.
பின்கண்ணாடியில் ராய்ஸ் நாக்கை நீட்டினான்.
ஊரார் பிள்ளைக்கு நிற்காதவள்
தன் பிள்ளைக்கு எப்படி நிற்பாள்?
நியாயம்தான். எனக்கு இன்னும்
முழுதாகப் புரியாத நியாயம்.
துப்புரவாளர் ஹ்ரைசுக் கொடுத்த பிஸ்கட்டோடு
பள்ளி வாசலில் நின்றேன்.

கடைசிப் பிள்ளையையும் இறக்கி
பஸ்ஸைக் கொட்டகையில் விட்டு
எங்கள் டிரக்கில் வந்தாள்,
ஒன்றரை மணி நேரம் கழித்து.
இருக்கையில் போர்வை. பிளாஸ்கில் சூடான கொக்கோ.
திட்டவில்லை. வருந்தவும் இல்லை.
"இப்ப அம்மான்னு கூப்பிடலாம்" என்றாள்.
நான் கூப்பிடவில்லை.
வீடு வரும்வரை கூப்பிடவில்லை.

பிறகு என் மகள் தெஸ்ஸா அதே பஸ்ஸில் ஏறினாள்.
அவளும் ஒருநாள் பிந்தினாள். ஐந்து நிமிடம்.
பஸ் நின்றது.
கதவைத் திறந்துவைத்து, குளிரெல்லாம் உள்ளே வர,
இருபத்தாறு பிள்ளைகள் முணுமுணுக்க நின்றது.
தெஸ்ஸா வந்து சிரித்துச் சிரித்துச் சொன்னாள்.
நான் பாத்திரத்தை நங்கென்று வைத்தேன்.
பெற்ற மகள்மேல் பொறாமைப்பட்டவள்
உலகத்தில் நான் ஒருத்திதானோ என்னவோ.

அன்றிரவு போனில் கேட்டுவிட்டேன்.
எதிர்முனையில் மூச்சு மட்டும் வெகுநேரம்.
அப்புறம்,
"கண்ணாடியில பார்த்துட்டேதான் போனேன், கொரின்.
நீ சின்னதாகிட்டே வந்தே.
ஒவ்வொரு ஸ்டாப்பிலயும் எண்ணினேன்.
ஒவ்வொரு தடவையும் ஒண்ணு குறைஞ்சுது."
இருபத்தைந்து வருடமாக
என்னிடம் வந்துசேராத செய்தி.
நாளைக்குப் பனிப்புயல் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மருத்துவமனையில், கடைசி வாரம்,
பெயர்கள் போய்விட்டன. எண்கள் இருந்தன.
கட்டிலைச் சுற்றி நாங்கள் ஏழு பேர்.
கண்ணால் தொட்டுத் தொட்டு எண்ணுவாள்.
யாராவது காப்பி வாங்கப் போனால்
கை தவித்து எழும்.
நர்ஸ் வந்தால் ஒன்று கூடிவிடும், முகம் சுளிப்பாள்.
ஒரு மாலை ஏழும் சரியாக வந்தது.
வலக்கை மெல்ல நகர்ந்து
காற்றில் எதையோ இழுத்துச் சாத்தியது.
அந்த நெம்புகோலை எனக்குத் தெரியும்.

ஜனவரி மண் மண்வெட்டிக்கு இடங்கொடாது.
மே மாதம் வரை அவளை
நகரத்தில் ஒரு குளிரறையில் வைத்திருக்கிறார்கள்.
"அம்மா வெயிட் பண்றா பார்,
வாழ்க்கையில ரெண்டாவது தடவை" என்றான் ராய்ஸ்.
சிரித்தோம். பிறகு அவன் வெளியே போய்
கார் கண்ணாடியில் இல்லாத பனியைச் சுரண்டினான்.

இன்று காலை குப்பைத் தொட்டியை வைக்கப் போனேன்.
பதினான்காம் தடம் வந்தது.
யாரோ இளைஞன் ஓட்டுகிறான்.
சும்மா கையை உயர்த்தினேன்,
இரவு உடைமேல் கோட்டு மாட்டிய ஐம்பத்தேழு வயதுக்காரி.
அவன் என்ன நினைத்தானோ,
வேகத்தைக் குறைத்தான்.